விதிகள் பெருகப் பெருக மருத்துவர்களின் குணம் குறைந்துவிட்டதா?

கேள்வி இது: "அந்தக் காலத்து மருத்துவர்களுக்கு ஓர் உறுதிமொழி போதுமாக இருந்தது. இன்று ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழு, ஒழுங்கு நடவடிக்கை என்று ஏகப்பட்ட விதிகள். பழையவர்களிடம் இருந்த குணம் இப்போது இல்லாததால்தானே இத்தனையும் தேவைப்படுகிறது?"

கேட்டவரின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் பழைய மருத்துவர்களின் குணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி நம் கற்பனை. மருத்துவ மாணவர்களுக்கு இந்த வரலாற்றைச் சில ஆண்டுகள் பாடமாக எடுத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் வந்துவிடும். ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் அந்த உறுதிமொழியைப் புகழ்கிறவர்களில் பலர் அதை முழுதாகப் படித்ததில்லை. தெய்வங்களைச் சாட்சிக்கு அழைத்ததும் முதலில் வருவது நோயாளி அல்ல, ஆசான். ஆசானைப் பெற்றோராகக் கருதுவேன், அவருக்குக் கஷ்டம் வந்தால் என் பொருளைப் பகிர்வேன், அவர் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் கற்பிப்பேன் என்று தொழில்குடும்பத்தின் ஒப்பந்தம் போல அது தொடங்குகிறது. அப்புறம்தான் நோயாளி வருகிறார்: கொல்லும் மருந்தைக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், நுழைகிற வீட்டில் அடிமையானாலும் சுதந்திரரானாலும் யாரிடமும் தகாத உறவு கொள்ள மாட்டேன், கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்ல மாட்டேன். அருமையான வாக்குகள், சந்தேகமில்லை. ஆனால் நோயாளியிடம் உண்மையைச் சொல்வேன், அவரைக் கேட்டுவிட்டுச் செய்வேன் என்று ஒரு வரி கிடையாது. சொல்லப்போனால், ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் தொகுப்பில் மருத்துவரின் நடையுடை பற்றிப் பேசும் நூல் நேர் எதிராகச் சொல்கிறது: சிகிச்சை செய்யும்போது பெரும்பாலானவற்றை நோயாளிக்கு மறைத்துவிடு, இனி என்ன ஆகும் என்பதை வெளிக்காட்டாதே.

எல்லோரும் மேற்கோள் காட்டுகிற "முதலில் தீங்கு செய்யாதே" என்பதும் உறுதிமொழியில் இல்லை. கிட்டத்தட்ட அந்தப் பொருளில் ஒரு வரி, நோய்க்குறிப்புகள் அடங்கிய வேறொரு நூலில் வருகிறது: உதவு, இல்லாவிட்டால் தீங்காவது செய்யாதிரு.

அன்றைக்கு உரிமம் தரும் அமைப்பு எதுவும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் தன்னை மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஊரில் கெட்ட பெயர் வந்தால் பிழைப்பு போய்விடும். நோய் முற்றி மருந்துக்கு அடங்காதவரைத் தொடாதே என்று அதே தொகுப்பில் ஒரு நூல் சொல்வதற்கும் இதில் தொடர்பு இருக்கிறது. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் மருத்துவரின் நான்கு மனநிலைகளைச் சொல்லும்போது, நட்பு, துன்பப்படுவோரிடம் கருணை, தீர்க்கக்கூடிய நோயில் உற்சாகம் என்று அடுக்கிவிட்டு, நான்காவதாகச் சாவை நெருங்கியவரிடம் உபேட்சை என்கிறது. பற்றற்ற அமைதி என்று அதற்கு உரை சொல்வார்கள். கைவிடுதலுக்கும் அதற்கும் இடையே உள்ள கோடு படுக்கையில் கிடப்பவருக்குத் தெரியுமா என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம்.

அதே சரகர், மாணவனுக்குத் தீட்சை தரும் இடத்தில் மிக உயரமான ஒன்றையும் கேட்கிறார்: உன் உயிருக்கே ஆபத்து என்றாலும் நோயாளிக்குத் துரோகம் நினைக்காதே. சில வரிகள் தள்ளி, அரசன் வெறுப்பவர்களுக்கு மருந்து கொடுக்காதே என்றும் வருகிறது. ஏழாம் நூற்றாண்டுச் சீனத்தின் மருத்துவர் சுன் சிமியாவோ இந்த இடத்தில் ஒரு படி மேலே போகிறார். ஏழையா பணக்காரனா, நண்பனா பகைவனா என்று பாராமல் எல்லோரையும் நெருங்கிய சுற்றமாக எண்ணு என்பது அவர் வாக்கு. வள்ளுவர் "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வான்" என்று நோயாளியையே மருத்துவத்தின் முதல் பகுதியாக வைக்கிறார். செய்யுளுக்காக அமைந்த வரிசையாகவும் இருக்கலாம். ஆனாலும் எனக்கு அது பிடிக்கும்.

பழைய நூல்கள் எல்லாமே கருணையைக் கேட்டன. நோயாளிக்குப் பதில் சொல்லும் கடமையை யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை கதை முழுவதும் இந்த ஓட்டையைச் சுற்றித்தான் நடக்கிறது.

மருத்துவர்கள் யாருக்குமே பதில் சொல்லாமல் இருந்தார்கள் என்றும் இல்லை. சுமார் கி.மு. 1750-இல் பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் சட்டம், வெண்கலக் கத்தியால் மேட்டுக்குடிக்காரரைக் கொன்றுவிட்டாலோ கண்ணைக் கெடுத்துவிட்டாலோ மருத்துவரின் கையை வெட்டச் சொன்னது. செத்தது அடிமை என்றால் இன்னோர் அடிமையைக் கொடுத்தால் போதும். கட்டணமும் அப்படியே: பத்து ஷெக்கல் வெள்ளி, சாமானியருக்கு ஐந்து, அடிமைக்கு இரண்டு. இதில் அறம் இல்லை, விலைப்பட்டியல்தான் இருக்கிறது.

குணத்தைச் சோதிக்க ஓர் எளிய தேர்வு கொள்ளைநோய். கி.பி. 166-இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது ஊரைவிட்டுச் சொந்த நாட்டுக்கு விரைந்ததாக, மருத்துவத்தின் பேராசானாக ஆயிரத்து சொச்சம் ஆண்டுகள் கொண்டாடப்பட்ட கிரேக்க மருத்துவர் கேலனே எழுதியிருக்கிறார். 1348-இல் அவிஞோனில் போப்பின் மருத்துவராக இருந்த கீ த ஷோலியாக் ஓடவில்லை. ஏன் என்று அவரே சொல்கிறார்: அவப்பெயருக்குப் பயந்து போகத் துணியவில்லை, ஆனால் எந்நேரமும் அச்சத்தோடுதான் இருந்தேன். அவருக்கும் நோய் வந்து, ஆறு வாரம் கிடந்து பிழைத்தார். இவரை எனக்குப் பிடிப்பது இந்த வெளிப்படையான பேச்சுக்காக. கருணை பொங்கியது என்று எழுதிவைத்திருந்தால் யாரும் மறுத்திருக்கப் போவதில்லை. 1665-இல் லண்டனில் பிளேக் வந்தபோது வசதியான மருத்துவர்கள் பலர், வசதியான நோயாளிகளோடு சேர்ந்து நாட்டுப்புறம் போய்விட்டார்கள். தங்கி வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவரான நத்தானியேல் ஹாட்ஜஸ் 1688-இல் கடனாளிச் சிறையில் இறந்தார். 2003-இல் ஹனோயில் சார்ஸ் நோயை முதலில் இனங்கண்டு உலகை எச்சரித்த கார்லோ உர்பானி அந்த நோயிலேயே உயிரைவிட்டார். ஆகவே ஓடியவர்களும் நின்றவர்களும் எல்லாக் காலத்திலும் உண்டு. இதில் அந்தக் காலம், இந்தக் காலம் என்று கோடு கிழிக்க எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இனி விதிகளுக்கு வருவோம். "மருத்துவ அறநெறி" என்ற தலைப்பில் நூல் எழுதிய முதல் ஆளாகக் கருதப்படுபவர் மான்செஸ்டரின் தாமஸ் பெர்சிவல். ஆண்டு 1803. அதற்கு விதை அந்த ஊர் மருத்துவமனையில் டாக்டர்களுக்குள் நடந்த சண்டை. ஆகவே நூலில் பெரும்பங்கு, ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் எப்படி நடக்க வேண்டும், யார் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும் என்ற மரியாதை முறைகள்தான். அதை ஒட்டி அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் தன் நெறித்தொகுப்பை ஏற்றது. கொள்ளைநோய்க் காலத்தில் உயிருக்கே ஆபத்து என்றாலும் பணியைத் தொடர வேண்டும் என்ற வீரமான வரி அதில் உண்டு. நோயாளிகளின் கடமைகள் என்று தனிப் பகுதியும் உண்டு: மருத்துவர் சொன்னதற்கு உடனே, மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிய வேண்டும்.

அதே மே மாதம் வியன்னாவில் வேறொன்று நடந்தது. அங்கே பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பயிலும் பிரிவில் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், மருத்துவச்சிகள் பயிலும் பிரிவில் அந்த அளவுக்கு இல்லை. அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் காரணத்தைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். நண்பர் கொலெட்ஷ்கா, பிணப் பரிசோதனையில் கத்தி கீறி, அதே காய்ச்சலின் அறிகுறிகளோடு இறந்ததும் அவருக்கு விடை கிடைத்தது. பிணத்தை அறுத்த கையோடு நேரே பிரசவ அறைக்குப் போகிறவர்கள் மருத்துவர்கள்தான். குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 சதவீதம்.

மற்ற மருத்துவர்கள் அவரை ஏற்காததற்கு அறிவியல் காரணங்களும் இருந்தன. கிருமி என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை. செம்மல்வைஸும் பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான் நூல் எழுதினார், எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் திட்டினார். பழக இனிய மனிதர் அல்லர். ஆனாலும் அடியில் கிடந்த தடை வேறு என்று நினைக்கிறேன். அவர் சொன்னதை ஏற்றால், இத்தனை நாள் கொன்றது நான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கருணையுள்ள, கண்ணியமான மனிதருக்குத்தான் அதை விழுங்குவது மிகக் கடினம். செம்மல்வைஸ் விழுங்கினார். என்னால் எத்தனை பேர் அகாலமாகக் குழிக்குப் போனார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும், என்னைப் போலப் பிணங்களைத் தொட்டவர்கள் சிலரே என்று 1861-இல் அச்சில் எழுதினார். 1865-இல் மனநோய் விடுதியில் இறந்தார்.

பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் இதே வழியில் போனார். ஒவ்வொரு நோயாளியும் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று பார்த்து, கெட்ட விளைவு என்றால் யார் தவறு என்று எழுதி வெளியிட வேண்டும் என்றார். அவர் பணியாற்றிய பெரிய மருத்துவமனை அதற்கு இசையவில்லை. 1914-இல் விலகி, தன் சிறிய மருத்துவமனையில் தானே செய்து காட்டினார்: 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகள், 123 தவறுகள், எல்லாம் அச்சில். சக மருத்துவர்கள் ஒதுக்கினார்கள், வருமானம் சரிந்தது. இன்று மருத்துவமனைத் தர மதிப்பீடு என்று பேசுகிற எல்லோரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அவர் கல்லறையில் பெயர்க்கல் வைக்கப்பட்டது 2014-இல்.

நல்ல குணம் இருந்தால் விதி வேண்டாம் என்ற வாதத்துக்கு எதிராக இவ்வளவு நேரம் பேசினேன். நல்ல விதி இருந்தால் போதும் என்பதற்கும் வரலாற்றில் இடமில்லை. மனிதர் மீதான பரிசோதனைக்கு முன்கூட்டியே அறிவித்து, நோயாளியின் சம்மதம் பெற வேண்டும் என்று உலகில் முதலில் எழுத்தில் வைத்த அரசுகளில் ஒன்று ஜெர்மானிய அரசான பிரஷ்யா, 1900-இல். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் ஆய்வுக்காகப் பெண்களுக்குத் தெரியாமலேயே ஊசி போட்ட மருத்துவர் ஆல்பர்ட் நைஸரின் விவகாரம் அதற்குத் தூண்டுதல். 1931-இல் ஜெர்மன் அரசு இன்னும் விரிவான நெறிகளை வெளியிட்டது. சம்மதம், பலவீனமானவர்களைச் சுரண்டாமை, எல்லாம் அதில் உண்டு. அதன்பின் அந்த நாட்டில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாதது, நாஜி ஆட்சியில் 1939 முதல் மருத்துவக் கல்லூரிகளில் அறநெறி கட்டாயப் பாடமாக இருந்தது என்பது. ருடால்ஃப் ராம் எழுதிய பாடநூல்கூட உண்டு. அதில் மருத்துவரின் முதல் கடமை தனி மனிதருக்கு அல்ல, இனத்தின் ஆரோக்கியத்துக்கு. வகுப்பில் இதைச் சொல்லும்போது அறை அமைதியாகிவிடும். அறம் போதித்தால் சரியாகிவிடும் என்று நம்பி அந்த வகுப்புக்கு வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

1946 டிசம்பரில் தொடங்கிய, நாஜி மருத்துவர்களின் கொடூரப் பரிசோதனைகளை விசாரித்த நியூரம்பெர்க் மருத்துவர் வழக்கில் குற்றவாளிக் கூண்டில் 23 பேர், அவர்களில் 20 பேர் மருத்துவர்கள். 1947 ஆகஸ்ட் தீர்ப்பில் 16 பேர் குற்றவாளிகள், 7 பேருக்கு மரண தண்டனை. தீர்ப்போடு வந்த பத்து விதிகளில் முதலாவது, தானாக முன்வந்து தரும் சம்மதம் முற்றிலும் இன்றியமையாதது என்பது. வென்ற நாடுகளின் மருத்துவர்கள் இதைக் காட்டுமிராண்டிகளுக்கான சட்டம், நமக்கு எதற்கு என்று கடந்து போனார்கள்.

அந்த நாட்களிலேயே அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. 399 கறுப்பின ஆண்களுக்கு சிபிலிஸ், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேர். "கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொல்லி, நோயைத் தானாக வளர விட்டுப் பார்த்தார்கள். 1940-களின் பிற்பகுதியில் பெனிசிலின் நிலையான சிகிச்சையான பிறகும் தரவில்லை. இது ரகசியமாகவும் நடக்கவில்லை. 1936 முதல் முடிவுகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்துகொண்டே இருந்தன. அவற்றைப் படித்த மருத்துவர்களில் இர்வின் ஷாட்ஸ் என்ற இளைஞர் 1965-இல் கண்டித்துக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. கடைசியில் விஷயத்தைப் பத்திரிகைக்குக் கொண்டுபோனவர் பீட்டர் பக்ஸ்டன், மருத்துவரே அல்ல, துறையின் முன்னாள் ஊழியர். 1972 ஜூலையில் செய்தி வந்தது, ஆய்வு நின்றது. நாற்பது ஆண்டுகள்.

அதில் பணியாற்றிய மருத்துவர்கள் எல்லோரும் கொடியவர்களாக இருந்திருக்க வாய்ப்பில்லை. வீட்டில் நல்ல தகப்பனாக, தன் நோயாளிகளிடம் கனிவாக இருந்திருப்பார்கள். 1966-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் அறமற்ற ஆய்வுகளுக்கு 22 எடுத்துக்காட்டுகளை வெளியிட்டு மருத்துவ உலகை உலுக்கினார். அதே கட்டுரையின் முடிவில், சம்மதத்தைவிட நம்பகமான காவல், மனசாட்சியும் இரக்கமும் பொறுப்பும் உள்ள ஆய்வாளர்தான் என்றார். பீச்சர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்த வாக்கியத்தில் அவர் தவறு செய்கிறார். மனசாட்சி உள்ளவன் என்றுதான் ஒவ்வொரு ஆய்வாளரும் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார்.

விதியும் சூழலும் மாறினால் குணம் போலத் தெரிவதே மாறிவிடும் என்பதற்கு ஒரு சான்று. 1961-இல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையில் கேட்டபோது, மருத்துவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-இல் வேறொரு மருத்துவமனையில் அதே கேள்விகளைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்பினார்கள். பதினெட்டே ஆண்டுகள். நடுவில் சிகிச்சை மேம்பட்டது, நீதிமன்றங்கள் சம்மதத்தைப் பற்றிப் பேசின, நோயாளிகள் கேள்வி கேட்கத் துணிந்தார்கள். மறைத்த தலைமுறையும் கருணையால்தான் மறைத்தது. இது யாருடைய உடம்பு என்ற கேள்விக்கான விடைதான் இடையில் மாறியிருந்தது.

அதே 1979-இல் போஷாம்ப், சில்ட்ரஸ் என்ற அறவியலாளர்கள் இருவரும் நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற நான்கு கோட்பாடுகளை முன்வைத்தார்கள். இன்று எந்த மாணவரை எழுப்பிக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வார். தேர்வுக்கு உதவும். இரவு இரண்டு மணிக்கு, தன் கவனக்குறைவால் ஒருவர் நிலைமை மோசமாகிவிட்டது என்று அவர் குடும்பத்திடம் சொல்லப் போகும் நேரத்தில் நான்கும் கூட வருவதில்லை. ஒப்புதல் படிவமும் அப்படித்தான். நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதற்காக வந்தது, பேச்சைத் தவிர்க்கும் கையெழுத்தாகப் பல இடங்களில் சுருங்கிவிட்டது. அந்த அளவில் கேள்வி கேட்டவரோடு உடன்படுகிறேன்.

குணத்தை அளக்க முடியுமா? கொஞ்சம் முடிகிறது. 2005-இல் மாக்சீன் பாபடாகிஸ் குழு, பிற்காலத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 அமெரிக்க மருத்துவர்களின் மாணவப் பருவப் பதிவேடுகளைத் தோண்டியது. கல்லூரியிலேயே ஒழுங்கற்ற நடத்தை பதிவாகியிருந்தவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் மூன்று மடங்கு. முக்கியமாகத் தெரிந்த இரண்டு குறைகளில் ஒன்று கடும் பொறுப்பின்மை, மற்றொன்று சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்ள இயலாமை. வேறோர் ஆய்வு, மாணவர்களின் பரிவு மூன்றாம் ஆண்டில், அதாவது நோயாளிகளை நேரில் பார்க்கத் தொடங்கும்போது, சரிவதைக் காட்டியது. பாடநூல் ஒன்று சொல்லும், வார்டில் மூத்தவர் நடந்துகொள்வது வேறொன்றாக இருக்கும். மாணவன் இரண்டாவதைத்தான் கற்றுக்கொள்கிறான்.

ஆக, என் பதில் இப்படி: குணம் குறையவில்லை, எந்தக் குணத்தைக் கேட்கிறோம் என்பது மாறியிருக்கிறது. கருணையை ஆதியிலிருந்தே கேட்டோம், பெரும்பாலும் கிடைத்தது. தவறை ஒப்புக்கொள்ளும் குணத்தைச் சட்டமும் படிவமும் வைத்து அரைகுறையாக இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

பழையவர்களிடம் அது அறவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனால் அநியாயம். ஹிப்போகிரட்டீஸ் தொகுப்பின் நோய்க்குறிப்புகளில் ஆட்டோனமஸ் என்ற ஒருவர் வருகிறார். தலையில் கல்லடி. மண்டையோட்டு எலும்புகள் சேரும் இணைப்புக் கோட்டிலேயே அடி விழுந்ததால், முறிவு எது இயல்பான கோடு எது என்று பிரித்தறிய முடியாமல் போனது. மண்டையில் துளையிட வேண்டியிருந்தது, அதை நான் கவனிக்கவில்லை, அந்தக் கோடுகள் என் கணிப்பை ஏமாற்றிவிட்டன என்று எழுதிவைத்திருக்கிறார் வைத்தியம் பார்த்தவர். ஆட்டோனமஸ் பதினாறாம் நாள் இறந்தார். பல நூற்றாண்டுகள் கழித்து ரோமின் மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் இதைப் படித்துவிட்டு, இழக்க ஏதுமில்லாத சிறிய மனங்கள் எதையும் ஒப்புக்கொள்வதில்லை என்றார். அந்தக் குறிப்பு எழுதப்பட்டதற்கு அவர் கண்ட காரணம் எளிமையானது: பின்னால் வருகிறவர் அதே இடத்தில் அதே மாதிரி ஏமாறக் கூடாது.